லிப்ஸ்டிக் பாம் வடசென்னையில் வளருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவரம், செங்குன்றம் பக்கத்து நர்சரிகளில் 'ரெட் பாம்' என்றும் 'லிப்ஸ்டிக் பாம்' என்றும் சொல்லி விற்கிறார்களே, அடிமட்டை செக்கச்செவேலென்று இருக்குமே, அந்தப் பனையைப் பற்றிய கேள்விகள் இவை. பெரும்பாலும் ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர், திருவொற்றியூர் பகுதிகளில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்டவை. கேள்வி எங்கே தொடங்கினாலும் பதில் தண்ணீரில்தான் போய் நிற்கிறது. ஆகவே அவசரக்காரர்கள் தண்ணீர் பற்றிய பகுதிகளை மட்டும் படித்தாலும் போதும்.

இது எந்த ஊர் மரம்?

தாவரவியல் பெயர் சிர்ட்டோஸ்டாக்கிஸ் ரெண்டா. 1838-இல் ப்ளூமே என்ற தாவரவியலாளர் பெயரிட்டது. தெற்குத் தாய்லாந்து, மலேசியத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகியவை சொந்த இடம். மலாய்க்காரர்கள் 'பினாங் ராஜா', 'பினாங் மேரா' என்கிறார்கள். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் சின்னத்தில் இருப்பதும் இதுதான். சிங்கப்பூர் போய்வந்த உறவினர் யாராவது போட்டோ காட்டி, "இது நம்ம ஊர்ல கிடைக்குமா?" என்று கேட்டுத்தான் பாதிப் பேருக்கு இந்த ஆசையே தொடங்குகிறது.

காட்டில் இது வளரும் இடம் விசேஷமானது. கடலோரத் தாழ்நிலங்களில், உதிர்ந்த இலையும் வேரும் முழுசாக மக்காமல் பல அடி ஆழத்துக்குச் சேர்ந்து கிடக்கும் சதுப்புக் காடு. தண்ணீர் பால் ஊற்றாத டீ மாதிரி இருக்கும், கடுமையான அமிலத்தன்மை. அந்தக் காட்டுக்குத் தண்ணீர் தருவது பெரும்பாலும் மழை மட்டுமே. அதனால் அதில் உப்பும் சுண்ணாம்பும் மிகக் குறைவு. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடலாம்.

அந்தச் சதுப்புகளை வடித்து எண்ணெய்ப்பனைத் தோட்டம் போடுவதாலும், வடிந்து காய்ந்த நிலம் தீப்பிடிப்பதாலும் காட்டில் இதன் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

சென்னை வெயில் தாங்குமா?

வெப்பத்தை இந்த மரம் விரும்பும். பயப்படுவது குளிருக்குத்தான். 15 டிகிரிக்குக் கீழே போனால் வாடத் தொடங்கிவிடும். நமக்கு மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பெங்களூரு மச்சான் வீட்டில் வராத செடி உங்கள் வீட்டில் வரும். அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

சிக்கல் மே, ஜூன் மாதங்களில் அடிக்கும் வறண்ட மேல்காற்று. வடசென்னையில் மத்தியானத்துக்குள் கடல்காற்று எழுந்துவிட்டால் காற்றில் ஈரம் இருக்கும், செடி பிழைத்துக்கொள்ளும். மேற்கிலிருந்து வரும் காற்று கை ஓங்கி, கடல்காற்று தாமதமாகும் நாட்களில்தான் ஊரே வேகும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானதே, அந்த மாதிரி நாள் வந்தால் இளம் குருத்து ஒரே மத்தியானத்தில் காய்ந்துவிடும். இந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் 50 சதவீத ஷேட் நெட் (நிழல் வலை) கட்டுங்கள். வருடம் முழுக்கக் கட்ட வேண்டாம்.

வெயில் பிரச்சினை இல்லையென்றால் ஏன் எல்லோர் வீட்டிலும் கருகிப்போகிறது?

போர் தண்ணீரால்.

மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை உறிஞ்சி எடுத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவந்தது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த கதை. கடலோரமாக எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் என்று வந்தால் ஆழ்குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாத தெருக்கள் எத்தனையோ. அதே தண்ணீரில் செம்பருத்தியும் போகன்வில்லாவும் எப்படியோ தள்ளிக்கொண்டு போகும். மழைத் தண்ணீரை மட்டுமே குடித்து வளர்ந்த ஒரு சதுப்புக்காட்டுப் பனைக்கு அது தினம் கொஞ்சம் கொஞ்சமாக விஷம். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். வாங்கிய முதல் மழைக்காலத்தில் செடி ஜம்மென்று இருக்கும்; அடுத்த சித்திரையில் மட்டை மட்டையாகக் கருகும். வீட்டுக்காரர் வெயிலைத் திட்டுவார், அதிலும் இன்னும் ரெண்டு குடம் போர் தண்ணீரைச் சேர்த்து ஊற்றுவார்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்தான் ஊற்றுவது?

முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி. பேனா அளவுதான் இருக்கும், விலையும் அதிகமில்லை. குடிநீருக்கே லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் விரும்பத்தக்க அளவு. வேறு வழியே இல்லாதபோது 2000 வரை போகலாம் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. இந்தப் பனைக்கு 200-க்குள் இருந்தால் நிம்மதி. 300, 400 என்றால் மண்ணை அவ்வப்போது அலச வேண்டும். அதற்கு மேலே போனால் தனியாக அதை மட்டும் ஊற்றாதீர்கள்.

மழைநீர்தான் முதல் இடம். அடுத்தது ஏசி தண்ணீர். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ராத்திரி ஓடும் ஏசிக்குக் கீழே பக்கெட் வைத்தால் காலையில் ஒரு தொட்டிக்குத் தாராளமாகப் போதும். சத்தும் அதில் இல்லை என்பதால் உரத்தைத் தவறவிடக்கூடாது, அவ்வளவுதான்.

மெட்ரோ வாட்டர் தெருவுக்குத் தெரு, மாதத்துக்கு மாதம் மாறும். புழல் ஏரித் தண்ணீர் வரும் நாளும் உண்டு. 2010-இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் தண்ணீர் வரும் நாளும் உண்டு. மீட்டரை வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. லாரித் தண்ணீருக்கும் அதே பேச்சுதான்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஆர்ஓ மெஷினிலிருந்து குழாய் வழியே வெளியேறும் கழிவுத் தண்ணீரை "வீணாகிறதே" என்று செடிக்கு ஊற்றுவது. உள்ளே வந்த தண்ணீரின் உப்பெல்லாம் அதில்தான் செறிந்து நிற்கிறது. அது பாத்ரூம் கழுவத்தான் லாயக்கு.

தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தால்? வினிகர், புளித்த மோர் கலந்தால்?

காய்ச்சினால் சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படியும். சோடியம் உப்பு அப்படியே இருக்கும். தண்ணீர் குறைந்ததால் இன்னும் செறிவாகவே இருக்கும். வினிகர் காரத்தன்மையைக் குறைக்கும், உப்பைத் தொடாது. மோர் எறும்பைக் கூப்பிடும்.

மழைநீரை எவ்வளவுதான் சேர்த்து வைப்பது?

கணக்குப் போட்டால் அவ்வளவு பயமில்லை. நூறு சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்த்துவிடும். 2003-இலேயே மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிவிட்டார்கள். அதனால் மாடியிலிருந்து இறங்கும் குழாய் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கும். அதில் ஒரு கிளை எடுத்து 500 லிட்டர் டேங்கில் விடுங்கள். முதல் மழையில் மாடித் தூசியும் காக்கை எச்சமும் கலந்து வரும், அதை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள்.

இரண்டடித் தொட்டியில் நிற்கும் செடிக்குக் கோடையில் நாளுக்கு நான்கு லிட்டர் என்று வைத்தால், 500 லிட்டர் நான்கு மாதம் ஓடும். பங்குனி வரை மெட்ரோ வாட்டரோ ஏசி தண்ணீரோ கொடுத்துச் சமாளித்து, டேங்கைக் கோடைக்கென்று பூட்டி வைப்பதுதான் என் யோசனை. மார்கழியிலேயே திறந்துவிட்டால் வைகாசியில் கை பிசைய வேண்டியதுதான்.

மண் கலவை?

நர்சரிக்கு வரும் செடிகளில் பெரும்பாலானவை ஆந்திராவில் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியத்திலிருந்து லாரியில் வருபவை. வேரைச் சுற்றிப் பிசுபிசுப்பான களிமண் உருண்டை இருக்கும். அதை முழுக்க உடைக்காதீர்கள். பனை வகைகளுக்கு வேரைக் கலைப்பது பிடிக்காது. வெளிப்பக்கத்தை மட்டும் விரலால் லேசாக நெகிழ்த்திவிட்டு நடுங்கள்.

கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) இரண்டு பங்கு, மக்கிய இலை உரம் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. அளவில் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குடிமுழுகாது. கோகோபீட்டை அலசாமல் போட்டால்தான் குடிமுழுகும். தென்னை நார்க்கழிவிலேயே உப்பு நிறைய உண்டு. நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த தண்ணீரின் டிடிஎஸ் இறங்கிய பிறகே கலக்க வேண்டும். சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இது அமில மண்ணில் வாழும் செடி. அவை மண்ணை எதிர்ப்பக்கம் இழுக்கும்.

தரையில் நடுவதென்றால் உங்கள் தெருவின் நிலத்தடி நீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். புழல், ரெட்டேரி ஏரிகளை ஒட்டிய சில இடங்களில் நல்ல தண்ணீர் உண்டு. அங்கே தாராளமாக நடலாம். கடற்கரைக்கு அருகில் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைக்கலாமாமே? வேர் அழுகாதா?

மற்ற செடிகளுக்குச் செய்தால் அழுகும். இது சதுப்பு மரம் என்பதால் நாலு விரல் ஆழத் தண்ணீரில் தொட்டி நின்றால் சந்தோஷப்படும். கோடையில் மிகவும் உதவும் முறை இது. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரைத் தட்டில் நிறுத்தினால் கெடுதல் இரட்டிப்பாகும். இன்னொன்று கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் மாடி ஏறி வந்து உங்கள் தட்டைப் பார்த்தால் பேச்சு வாங்குவது நீங்கள்தான், அபராதமும் வரலாம். வாரம் ஒருமுறை தட்டை முழுக்கக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிடுங்கள். பெரிய டப் என்றால் இரண்டு மூன்று கப்பி மீன் விட்டால் புழுவை அவை பார்த்துக்கொள்ளும்.

மாடியில் எந்த மூலை?

காலை வெயில் விழுந்து, பன்னிரண்டு மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ சுவரின் நிழலோ விழும் கிழக்கு மூலை. மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். கடலோரமாக இருந்தால் கடல்காற்று நேரே அறையாமல் ஒரு கைப்பிடிச் சுவரோ வேறு செடிகளோ நடுவில் இருக்கட்டும். அந்தக் காற்றில் ஈரத்தோடு உப்பும் வருகிறது.

வீட்டுக்குள் ஹாலில் வைக்கலாமா?

வேண்டாம். ஏசி காற்றில் நுனி காயும், வெளிச்சம் போதாமல் சிவப்பும் மங்கும்.

ஓலை நுனி கருகுகிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த ஓலை என்று முதலில் பாருங்கள். பழைய ஓலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகி, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலமும் இருந்தால் உப்பு. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வடிய வடிய அலசிவிடுங்கள். வடியும் தண்ணீரை மீட்டரில் பார்த்தால் உங்களுக்கே தூக்கிவாரிப்போடும். மழைக்காலத்தில் செடியைத் திறந்த வெளியில் நனையவிட்டாலே இந்த வேலையை வானம் செய்துவிடும்.

புதிதாக விரிந்த ஓலை மட்டும் காய்ந்து, பழையவை நன்றாக இருந்தால் வறண்ட காற்று. நெட் கட்டுங்கள்.

பழைய ஓலைகளில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தால் பொட்டாஷ் குறைவு. பழைய ஓலையின் ஓரம் அகலமாக மஞ்சளாகி நடுவில் பச்சை நின்றால் மெக்னீசியம் குறைவு. புது ஓலை வெளிறி மஞ்சளாக வந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் காரமான தண்ணீர், அல்லது காற்றோட்டம் இல்லாமல் இறுகிப்போன மண்.

பார்க்க நன்றாக இல்லை என்று மஞ்சள் ஓலைகளை வெட்டித்தள்ளாதீர்கள். பொட்டாஷ் குறைந்த பனை, பழைய ஓலையிலிருந்து சத்தை இழுத்துத்தான் புதுக்குருத்துக்குக் கொடுக்கிறது. அதை வெட்டினால் அடுத்த ஓலையிலிருந்து இழுக்கத் தொடங்கும். முழுக்கப் பழுப்பாகிக் காய்ந்த மட்டையை மட்டும் எடுங்கள்.

உரம் என்ன கொடுப்பது?

மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம். அதோடு மாதம் ஒருமுறை சல்பேட் ஆஃப் பொட்டாஷ், லிட்டருக்கு ஒரு கிராம். பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), அதுவும் லிட்டருக்கு ஒரு கிராம். கடையில் பொட்டாஷ் என்று கேட்டால் மலிவான மியூரியேட் வகையைக் கொடுப்பார்கள். அதில் குளோரைடு இருக்கிறது. ஏற்கெனவே உப்பில் தவிக்கும் செடிக்கு இன்னொரு சுமை. சல்பேட் என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பூச்சி வருமா?

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் மட்டையின் இடுக்கில் ஒளியும். கோடையில் சிவப்புச் சிலந்தி. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிப்பு. எறும்பு வரிசையாக மேலே ஏறினால் எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் பக்கம் சாம்பலும் தூசியும் ஓலைமேல் படிகிறது. கெடுதலா?

எண்ணூர், மணலி பக்கத்தவர்கள் தவறாமல் கேட்பது. அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் ஓலையில் படிந்தால் வெளிச்சம் குறையும், சிலந்திக்கும் கொண்டாட்டம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் ஓலையின் இரு பக்கத்தையும் கழுவிவிடுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். செடிக்குச் செய்ய முடிந்தது இது. அந்தச் சாம்பலை மூச்சில் இழுக்கும் மனிதர்களுக்கு என்ன செய்வது என்பது வேறு கேள்வி, அதை வேறு இடத்தில் கேட்க வேண்டும்.

மழையில் தெருவே மூழ்கும். தரையில் நட்ட செடி தாங்குமா?

வெறும் மழைத் தண்ணீர் என்றால் கவலையே வேண்டாம். வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் தேங்குவது சாக்கடையும் சேர்ந்த தண்ணீர். வடிந்ததும் நல்ல தண்ணீரால் மண்ணை அலசிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தின்போது எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்ததுபோல் எண்ணெய் கலந்த தண்ணீர் என்றால், மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப் புது மண் போடுவதைத் தவிர வழியில்லை.

வாங்கி வெகு நாளாகியும் சிவக்கவில்லையே?

சிறு கன்றில் பச்சைதான் அதிகம். தண்டு திரண்டு, மட்டையடி தண்டைச் சுற்றி உறை போல மூடத் தொடங்கிய பிறகே அந்த ரத்தச் சிவப்பு முழுசாக வரும். அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். வளர்ச்சியும் நிதானம். அரிகா பாம் தள்ளும் வேகத்தை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். நிழலில் வைத்திருந்தால் வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள், கொஞ்சம் கொஞ்சமாக.

அரிகா கன்றையே ரெட் பாம் என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது. மிகச் சிறிய கன்றில் வித்தியாசம் காண்பது கடினம். அதனால் ஒரு தண்டிலாவது சிவப்பு கண்ணுக்குத் தெரியும் செடியாகப் பார்த்து வாங்குங்கள், விலை கூடினாலும்.

தூரிலிருந்து பக்கக் கன்றைப் பிரிக்கலாமா? விதை போடலாமா?

தூர் கட்டி வளரும் பனை என்பதால் பிரிக்கலாம். ஆனால் சொந்த வேர் நன்றாக விட்ட கன்றாக இருக்க வேண்டும். கூரிய கத்தியால் வேரோடு அறுத்து, பருவமழை தொடங்கும் ஐப்பசி வாக்கில், நிழலில் வைத்துத் தேற்றுங்கள். அப்படியும் பல போகும். தாய்ச்செடியும் சில மாதம் முகம் சுருங்கும். ஒரே தூர்தான் இருக்கிறது என்றால் கைவைக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

விதை கறுப்பாகப் பழுத்து விழுந்த உடனே போட வேண்டும். முளைக்கப் பல மாதம் எடுக்கும், அதுவும் ஒரே சமயத்தில் முளைக்காது. ஆன்லைனில் பாக்கெட் போட்டு வரும் உலர்ந்த விதைக்குக் காசைக் கொடுக்காதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து அத்தை வரும்போது ஒரு கன்று கொண்டுவரச் சொல்லலாமா?

பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரக் கூடாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும், அந்த நாடு தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மண்ணோடு வரும் செடியில் நமக்கில்லாத நோயும் பூச்சியும் ஒட்டிக்கொண்டு வரலாம். அத்தையிடம் தைலமும் மைலோவும் கேளுங்கள்.

நம் மலையில் இப்படி அரிய பனை எதுவும் இல்லையா?

இருக்கிறது. வரைக்கமுகு, பெண்டிங்கியா கொண்டபன்னா. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. யானைக்கு இதன் குருத்து உயிர். அதனால் யானை ஏற முடியாத செங்குத்துப் பாறைச் சரிவுகளில்தான் பெரும்பாலும் மிஞ்சி நிற்கிறது. பேரினப் பெயர் வில்லியம் பெண்டிங்கைக் குறிக்கிறது. பின்னாளில் கவர்னர் ஜெனரலான அவர் 1803 முதல் 1807 வரை நம் சென்னையின் கவர்னராக இருந்தவர். ராஜாஜி சாலையில் இன்று கலெக்டர் ஆபீஸ் நிற்கும் இடத்தில் முன்பு இருந்த பெண்டிங் கட்டடமும் அவர் பெயரில்தான்.

ஆசை வரும்தான். ஆனால் மலையுச்சிக் குளிர்ச்சியில் வளரும் அது நம் புழுக்கத்துக்கு ஆகாது. பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து கன்று எடுப்பது குற்றமும்கூட.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர் மட்டும்தான், டிடிஎஸ் 1500. ஏசியும் இல்லை, டேங்க் வைக்க இடமும் இல்லை.

இந்தச் செடியை வாங்காதீர்கள். ஐந்நூறு ஆயிரம் கொடுத்து ஒரு வருடத்தில் சாகடிப்பதற்குப் பதில் உப்பைத் தாங்கும் பனையாகப் பாருங்கள். தரையிருந்தால் தென்னை இருக்கவே இருக்கிறது. தொட்டியில்தான் வேண்டும் என்றால் கிறிஸ்துமஸ் பாம் ஓரளவு தாங்கும், மழைக்காலத்தில் நனையவிட்டு மண்ணை அலசிக்கொண்டால் போதும். தண்டில் சிவப்பு கிடையாது. வளர்ந்த பிறகு, டிசம்பர் வாக்கில் பழக்குலை சிவக்கும்.